கணினி இயக்குபவர் மேடை ஏறலாமா?

ஜூலை 8, திங்கள்

பாத்திரக் கடைக்காரர் தை மாதம் ஓசியில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மேஜை இழுப்பறையில் ரப்பர் பேண்டுகளோடு கிடந்தது. இன்று எரிச்சலை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். கிடைத்தது நீதான்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி தெய்வசிகாமணிக்கு மதுரையில் இருதய ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுக்கை. சங்கரன்கோவில் ஆவுடை மஹால் கல்யாண மண்டபத்தை இனி அவர் மகன் நவநீதன் பார்த்துக்கொள்வாராம். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். வந்ததும் முதல் கேள்வி:

"மேடம், ஸ்டாஃப் எல்லாரோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் எடுத்து வைங்க."

"அது எனக்கு மட்டுந்தான் தம்பி உண்டு" என்றேன்.

சமையல் நயினார் அண்ணனுக்கு ஆர்டரா? பெருக்குகிற பேச்சியம்மாளுக்கு ஆர்டரா? எனக்கும் வந்திருக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எதிர் மண்டபத்துக்காரன் கம்ப்யூட்டர் வாங்கினான் என்று அண்ணாச்சியும் ஒன்று வாங்கினார். வாங்கிய பிறகுதான் அதைத் தட்ட ஆள் வேண்டும் என்று தோன்றியது. நான் டைப்பிங் முடித்தவள். 'திருமதி பிரமநாயகி, கணினி இயக்குபவர். மண்டப முன்பதிவுகளைத் தட்டச்சு செய்தல், கணினியைப் பராமரித்தல்' என்று ஒரு தாளில் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளையும் நானேதான் அடித்தேன்.

அன்று மத்தியானமே பந்தி நடுவில் கேஸ் தீர்ந்துபோனது. "ஏ பிரமு, அந்தக் கேஸ்காரன எழுப்பிக் கூட்டிட்டு வா!" என்று அண்ணாச்சி கத்தினார். நாற்காலியை விட்டு எழுந்தவள்தான். இன்னும் சரியாக உட்காரவில்லை.

நவநீதன் தாளைப் படித்துவிட்டு, "ஓகே, க்ளியரா இருக்கு" என்றார். எனக்கு அந்த 'க்ளியர்' பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

ஆனியின் கடைசி முகூர்த்தம். விடிவதற்கு முன்பே குளித்து, பட்டுக் கட்டி, பவுடர் டப்பாவில் இருப்பதை எடுத்துக் கழுத்தில் போட்டு, வகிட்டில் குங்குமம் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெண் இசக்கிராணி. மாப்பிள்ளை புளியங்குடி கோட்டைச்சாமி. ஆட்டுக்கல் மாதிரி அசையாத ஆள். அவருக்குக் கூடப் பிறந்த அக்கா உண்டு. ஆனால் எடுத்துக் கொடுத்த சேலையின் கரை சின்னதாம். கோபித்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் உடன்பிறந்தவள் போடுவது. அதைப் போட ஆளில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாதஸ்வரக்காரர் என்னைப் பார்க்கிறார். அவருக்கும் பழகிவிட்டது.

ஏறினேன். முடிச்சுகளைப் போட்டேன். இந்த மண்டபத்தில் அக்கா இல்லாத, அக்கா கோபித்துக்கொண்ட, அக்காவின் பஸ் கயத்தாற்றில் நின்றுபோன மாப்பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் அக்கா. சந்தையில் காய் வாங்கப் போனால் எவளாவது ஒருத்தி "மைனி!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவாள். முகம் ஞாபகமிருக்காது. சேலை நிறத்தைச் சொன்னால் ஞாபகம் வந்துவிடும்.

நவநீதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. அப்பாவை மதுரைக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றி டப்பாவில் போட்டேன். வெயில் காலத்தில் கழுத்து அரிக்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு இந்த ஊரில் எவனும் தாலி கட்ட மாட்டான். மண்டபத்தில் புறாக்களும் நானும்தான்.

நவநீதன் எதிரே மடிக்கணினியோடு உட்கார்ந்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கவனிக்கிறார். 'டைம் ஸ்டடி'யாம். கல்யாண மண்டபத்தின் வேலையை ஆடி மாதத்தில் வந்து அளக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். "தம்பி, ஆவணி வரட்டும்" என்றேன். "எல்லா மாசமும் சம்பளம் ஒண்ணுதானே மேடம்?" என்றார். பதில் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

செய்து காட்ட ஏதாவது வேண்டுமே என்று கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினேன். இரண்டு மிக்சர் கடலை விழுந்தது.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித்தபசு. ஊரெல்லாம் ஜனம். வெளியூர்க்காரர்கள் தங்க மண்டபத்தைத் திறந்து விட்டோம். கோமதி அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு மட்டும் வந்தேன்.

ஜூலை 24, புதன்

கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி வரவழைத்தார். காபி வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இனி முன்பதிவு எல்லாம் போனிலேயே செய்துகொள்ளலாமாம். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வந்துவிட்டது. "அதனால கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் போஸ்ட் இனி தேவைப்படாது மேடம். ஆவணி கடைசி வரைக்கும் இருங்க. நல்ல சர்ட்டிபிகேட் தாரேன்."

"என்னன்னு தருவீங்க தம்பி?"

"கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரா ஒன்பது வருஷம் வேலை பார்த்தாங்கன்னு."

அந்தச் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு இந்த வயதில் எந்தக் கம்பெனியில் போய் நிற்பேன்? எனக்கு எக்செல்லில் கூட்டல் போடக்கூட வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மண்டபம். எந்தச் சாக்கடை எப்போது அடைக்கும், எந்த ஜெனரேட்டரை எங்கே தட்டினால் ஓடும், எந்த மாமனை எந்த மாமனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. அந்தத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 25, வியாழன்

காலையில் இட்லி. மத்தியானமும் அதே இட்லி.

ஜூலை 28, ஞாயிறு

அண்ணாச்சியைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகிவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. "பையன் கையில குடுத்துட்டேன் பிரமு. நான் எதும் சொன்னா டென்சன் ஆவாதீங்கன்னு அதட்டுதான்" என்றார். எத்தனை கல்யாணத்தில் இவருக்காக நான் திட்டு வாங்கியிருப்பேன். அதைச் சொல்லிக்காட்ட வாய் வந்தது. நெஞ்சில் தையல் போட்ட மனுஷனிடம் என்ன பேசுவது? ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் நயினார் அண்ணனிடம் புலம்பினேன். அவர் வடைச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, அந்தத் தாள்ல உள்ளபடி மட்டும் நீ வேல பாரு. ஆவணி முத முகூர்த்தத்துல அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காத. அப்பந் தெரியும்."

"கல்யாணம் கெட்டுப்போகும் அண்ணே."

"அதான் ஒன்கிட்ட உள்ள சீக்கு" என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இசக்கிராணியின் அத்தை மண்டபத்துக்கு வந்தாள். நவநீதன் இருந்தார். கொஞ்சம் சத்தம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கினேன். விளக்க வேண்டாததையும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேச்சியம்மாள் இன்று வாரியலைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எக்கா, எனக்கு மொதல்லயே தெரியும். கல்யாணத்தன்னைக்கு மட்டும் கழுத்துல கெடக்கும், மத்த நாளு கெடக்காது. நான் கேட்டனா?" என்றாள். கேட்கவில்லைதான். இவளுக்கே தெரிந்த பிறகு டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை நடந்தது இதுதான். ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் இசக்கிராணியைப் பார்க்க அவள் அத்தை ராஜபாளையத்திலிருந்து வந்திருக்கிறாள். கல்யாணப் போட்டோவில் என்னைப் பார்த்து, யார் என்று பெயரையும் விசாரித்திருக்கிறாள். நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏளா, ஒன் மாப்பிள்ள எங்க தெருவுலதான் வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துதான். ரெண்டு புள்ளையளுக்குத் தகப்பன். நீ இங்க சுமங்கலி வேசம் போட்டுக்கிட்டு எங்க வீட்டுப் புள்ளைக்கு முடிச்சுப் போட்டியோ? வாழாவெட்டி கை பட்டா விளங்குமா?"

என் வீட்டுக்காரர் விட்டுப் போய்ப் பதினொரு வருஷம். சண்டை கிடையாது, கேஸ் கிடையாது. ஒரு நாள் பஞ்சாலை வேலைக்கு என்று ராஜபாளையம் போனவர் திரும்பவில்லை. எனக்கு அழுகை தீர்ந்து ரொம்பக் காலம் ஆகிறது. ரேஷன் கார்டிலும் ஆர்டரிலும் 'திருமதி'யாக இருக்கிறேன், அவ்வளவுதான். மேடை ஏறுவதற்குத் தாலி கழுத்தில் வேண்டும், அதனால் வைத்திருந்தேன். வேறு எதற்காகவும் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

அவள் பேசியதுகூட வலிக்கவில்லை. அந்த மாதிரி வாய்களை ஒன்பது வருஷமாகப் பந்திக்குப் பந்தி சமாளித்தவள் நான். நவநீதன் சொன்னதுதான் வலித்தது. என் ஆர்டரை ஃபைலிலிருந்து எடுத்து அந்த அம்மாளிடம் காட்டினார்.

"அவங்க எங்க கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்ம்மா. மேடை ஏறுறது அவங்க வேலையில்ல. அதுக்கு மண்டபம் பொறுப்பாகாது."

கேஸ் தீர்ந்தபோது இந்தத் தாள் எங்கே போயிருந்தது? மொட்டை மாடித் தொட்டியில் செத்த காகத்தை நான் கையைவிட்டு எடுத்தபோது எங்கே போயிருந்தது? கோபத்தில் எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்து இரண்டாம் நாள். வீட்டு வாசலில் இசக்கிராணி. கையில் ஒரு தூக்குவாளி முந்திரிக்கொத்து. புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியாம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

"மைனி, அத்தை பேசினத மனசுல வச்சிக்கிடாதீக."

"வச்சிக்கிடாம எங்க வைக்க?" என்றேன்.

சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கயித்த அறுத்துட்டு வேற கயிறு மாத்திக் கட்டணும்னு அத்தை ஒத்தக் கால்ல நின்னாவ. நான் அவுகளுக்குப் போன் போட்டேன். 'எங்க அக்கா போட்ட முடிச்சு அது. யாரும் தொடக் கூடாது'ன்னுட்டாவ."

"எந்த அக்கா? வேன்ல இருந்தாளே அவளா?"

"நீங்கதான் மைனி."

ஆட்டுக்கல் என்று எழுதிய பக்கத்தைத் தேடி அந்த வரியில் கோடு போட்டுவிட்டேன். அவள் போனதும் முந்திரிக்கொத்து முழுவதையும் ஒரே உட்காரலில் தின்றுவிட்டு வயிற்று வலியோடு படுத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நவநீதனின் சாஃப்ட்வேர் வேலை செய்கிறது. முன்பதிவுகள் வந்து குவிகின்றன. அதில் கடைசியாக ஒரு கட்டம்: 'கூடுதல் தேவைகள்'. ஜெனரேட்டர், குளிர்சாதன அறை என்று எழுதுவார்கள் என்று வைத்திருந்தார்.

மாலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஒன்றில் 'ஜெனரேட்டர், பிரமு அக்கா'. இன்னொன்றில் 'குழந்தைகளுக்குப் பால் காய்ச்ச அடுப்பு. பிரமு அக்கா கட்டாயம்'. வளைகாப்புக்குக் கேட்ட ஒரு பெண், 'மைனி இருக்கிற நாளாகப் பார்த்துத் தேதி கொடுக்கவும்' என்று எழுதியிருக்கிறாள்.

"நேத்தே அந்தக் கட்டத்த எடுத்துட்டேன் மேடம். இன்னைக்கு எல்லாரும் போன் பண்ணிக் கேக்காங்க" என்றார். மடிக்கணினியை மூடினார். "நீங்க இங்க என்னதான் வேலை பாக்கீங்க?"

"ஆர்டர்ல இருக்கே தம்பி" என்றேன். பழி தீர்த்தது போலத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆவணியின் முதல் முகூர்த்தம். பவுடர் டப்பாவைத் திறக்கவில்லை. சாதாரணப் பருத்திச் சேலை. நேரே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

ஆனால் கல்யாணத்தைக் கெடுக்க எனக்கு மனம் வருமா? வராது. ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். என் வேலை தட்டச்சு. எனவே தட்டச்சுதான் செய்வேன். எழுத்தைப் பெரிதாக்கி, திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.

பேச்சியம்மாள் ஓடி வந்தாள். "எக்கா, அம்மிக்கல்லக் காணோம்!" தட்டினேன்: 'மாடிப்படிக்குக் கீழே, சாக்கு மூடியிருக்கும்.' அவளுக்குப் படிக்கத் தெரியாது. பின்னால் நின்ற நவநீதன் சத்தமாகப் படித்துச் சொன்னார். பிறகு அவரே போய்த் தூக்கி வந்தார்.

தண்ணீர் லாரி வரவில்லை: தட்டினேன். பூமாலை ஒன்று குறைகிறது: தட்டினேன். சற்று நேரத்தில் அறைக்கு வெளியே ரேஷன் கடை மாதிரி வரிசை. ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "கம்ப்யூட்டர்ல இதெல்லாமா போட்டிருக்கான்!" என்று வியந்துவிட்டுப் போனார். நவநீதன் சட்டை நனைந்து, ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் யாருடைய குழந்தையோ, ஓடுகிறார், படிக்கிறார், ஓடுகிறார்.

பந்தி நேரத்தில் வந்தபோது திரையில் இது இருந்தது: 'மாப்பிள்ளையின் தாய்மாமனை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வையுங்கள். தவறினால் சாயங்காலம் வரை சண்டை.'

"அய்யோ, அவரு மூணாவது பந்திக்கு நிக்காரே!" என்று திரும்பி ஓடினார். போய்ச் சேர்வதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று கால் துடித்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து, யாரும் இல்லாத மண்டபத்தில் ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அவரை அறியாமல் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. நயினார் அண்ணன் இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த பால் பாயசம் கொண்டுவந்து வைத்தார்.

ஆகஸ்ட் 26, திங்கள்

"நான் தப்பா அளந்துட்டேன்" என்றார் நவநீதன், வந்ததும் வராததுமாக. "புது ஆர்டர் போடலாம். நீங்க என்னென்ன செய்றீங்களோ அதையெல்லாம் நீங்களே டைப் பண்ணுங்க. மண்டப மேலாளர்னு போடுங்க."

வாய் அடைத்துவிட்டது. எனக்கு. பேச்சியம்மாளிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

"மேடையும் போடலாமா தம்பி?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "அது மட்டும் யோசிக்கணும் மேடம். அன்னைக்கு வந்த அம்மா மாதிரி நாலு பேரு வந்தா? அப்பாவும் ஊர் வாய்க்குப் பயப்படுதாங்க."

"போன வாரம் உங்க கட்டத்துல எழுதினவங்கள்லாம் எதுக்காக என்னக் கேட்டாங்கன்னு நெனைக்கீங்க? தண்ணி லாரிக்கா?"

நான் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கடைசி வரியாக அதையும் அடித்தேன்: 'மணமகனுக்கு உடன்பிறந்தவள் இல்லாதபோது, மணமகள் வீட்டார் விவரம் அறிந்து கேட்டுக்கொண்டால், அந்த இடத்தில் நின்று முடிச்சிடுதல்.' விவரம் அறிந்து என்பதை நானேதான் சேர்த்தேன். இனி ஒளிக்கப் போவதில்லை. அந்த வரி இல்லாத தாள் எனக்கு வேண்டாம். அந்த வரிக்காக வேலையே போனாலும் போகட்டும் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வாடகையை நினைத்தால் அப்படி எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

புது ஆர்டருக்கு என் விவரத்தைச் சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டுமாம். பெயர், வயது, முகவரி எல்லாம் போட்டேன். 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டேன். சேமிக்க மாட்டேன் என்கிறது. சிவப்பாக எரிகிறது. மறுபடி அழுத்தினேன். மறுபடி சிவப்பு.

"தம்பி, ஒங்க மெசின் பிடிவாதம் பிடிக்கு."

"ஏதாவது ஒரு பேரு போடுங்க மேடம், எடுத்துக்கிடும்."

"போட என்கிட்ட ஒண்ணுமில்லையே."

விளையாட்டாகச் சொல்ல நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. அவர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு மளமளவென்று ஏதோ தட்டினார். "இப்ப அழுத்துங்க" என்றார்.

அந்தக் கட்டமே அங்கே இல்லை. பச்சையாக ஒரு டிக் வந்தது.

ஆனால் கடைசி வரியைப் பற்றி இன்னும் பேச்சில்லை. கையெழுத்து இல்லாத தாள் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஆவணி நகர்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆவணிக் கடைசி முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டிலிருந்து குருவிகுளம் உலகம்மாள் வந்திருந்தாள், பெண்ணின் தாய். மாப்பிள்ளை தவமணி லாரி மெக்கானிக். விடுதியில் வளர்ந்த பையன். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

"முடிச்சுக்கு ஒங்களக் கேட்டுக்கிடச் சொன்னாவ" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "எங்கழுத்தப் பாருங்க. எம் புருஷன் என்ன விட்டுட்டுப் போயி வருஷம் பதினொண்ணு ஆகுது. முன்னால இத மறைச்சுக்கிட்டு ஏறினேன். இனி அப்படி ஏற மாட்டேன். வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுங்க."

அவள் என்னையே பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதா? நவநீதனிடம் அந்தக் கடைசி வரியை நீக்கிவிடச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

பட்டுச் சேலை கட்டினேன். டப்பாவைத் தொடவில்லை. கண்ணாடியில் கழுத்து வெறுமையாகத் தெரிந்தது. பழகிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததிலிருந்து ஓட்டம். இந்தத் தடவை நவநீதனும் கூடவே ஓடினார். தாய்மாமன் முதல் இலையில் என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார். உலகம்மாளின் தம்பியும் அவன் பெண்டாட்டியும் மேடையில் தாரைவார்க்க உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாளைக் காணோம். தேடினால், தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாலியறுத்தவள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அவளைக் கண்ணில் படாத இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை கல்யாணத்தில் எத்தனை தூணைக் கடந்து போயிருக்கிறேன். ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

முடிச்சு போடும் நேரம் நெருங்கியது. என்னைக் கூப்பிடவில்லை. அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை மறைத்தது. திரையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. உலகம்மாள்.

"ஏளா, இங்க என்ன செய்யுத? வா."

"வீட்டுல சம்மதிச்சாவளா?"

"கலந்தேன். எந்தம்பி வேண்டாங்கான், அவன் பெண்டாட்டி வேண்டாங்கா. எம் மவட்ட கேட்டேன். 'ஒனக்குப் புடிச்சிருந்தா எனக்குப் புடிச்சிருக்கு'ங்கா." மூச்சு வாங்கினாள். "எம் மாப்பிள்ள செத்துப் போனாரு, ஒன் மாப்பிள்ள ஓடிப் போனான். நாம ரெண்டு பேரும் என்ன தப்பு செஞ்சோம்? தூணுக்குப் பின்னால நிக்கேன், எம் மவ மூஞ்சிகூடத் தெரியல. நீ ஏறினா நானும் ஏறுவேன். நீ முடிச்சப் போடு, நான் விளக்கப் புடிக்கேன்."

அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. சில்லென்று இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்தின் நடுவே நடந்தோம். முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "என்ன முறைகெட்ட..." என்று ஆரம்பித்தார். உலகம்மாள் நின்றாள். நானும் நின்றுவிட்டேன்.

"வழி விடுங்க" என்று ஒரு குரல். நவநீதன். மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "வழி விடுங்கய்யா. பொண்ணோட அம்மா வாராங்க. எங்க மேனேஜர் அக்கா வாராங்க."

அக்கா என்றார். மேடம் இல்லை.

நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குக் கண் காட்டினார். தவமணி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, திணறி, திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த நிம்மதியை என்ன சொல்வது? அழுதுவிட்டேன், சபை நடுவில், வெட்கமில்லாமல். இரண்டு முடிச்சையும் இறுக்கமாகப் போட்டேன். உலகம்மாள் பிடித்த விளக்கு மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே இருந்தது. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

அந்தக் கிழவர் சாப்பிடாமல் போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினாராம். நயினார் அண்ணன் சொன்னார்.

சாயங்காலம் நவநீதன் தாளைக் கொண்டுவந்து வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தது. கடைசி வரி அப்படியே இருந்தது. "அப்பாட்ட காட்டினேன்க்கா. 'இத ஒன்பது வருஷத்துக்கு முன்னாலயே அடிச்சிருக்கணும்'னாங்க" என்றார். பேச்சியம்மாளுக்கும் நயினார் அண்ணனுக்கும் நாளை ஆர்டர் அடிக்க வேண்டும். கணினி இயக்குபவர் இல்லையாம், நான்தான் அடிக்க வேண்டுமாம்.

கம்ப்யூட்டரை அணைக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் செய்தால், அவரே அணைத்துவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை புரட்டாசி. இனி ஒரு மாதம் முகூர்த்தம் கிடையாது, ஓய்வுதான். டப்பாவிலிருந்ததை எடுத்து ரேஷன் கார்டு இருக்கிற பையில் போட்டுவிட்டேன். அதை என்ன செய்வது என்று மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்குக் கடைக்குப் போனால் மறக்காமல் பவுடர் வாங்க வேண்டும். டப்பா சும்மா கிடக்கிறது.